புது ரீவி வாங்கி மாட்டப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரீவி மாட்டுவதும் திருத்துவதும் என் தொழில். கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடற்கரை ஓரமாகவே என் வேலை ஓடுகிறது. போன வீடுகளில் எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என்னிடம் திருத்த வரும் ரீவிகளில் பெரும்பாலானவை செய்தவன் குறையால் பழுதானவை அல்ல. கரண்ட், இடி, உப்புக்காற்று, பல்லி, சரியாக அடிக்காத ஆணி, இவைதான் காரணம். ஆகவே எந்தக் கம்பனி நல்லது என்பதை விட இவற்றைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஹோலுக்கு எத்தனை இஞ்சி பொருத்தம்?

கடைக்குப் போகும் முன் ஒரு அளவு நாடாவை எடுங்கள். நீங்கள் வழக்கமாக இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணில் இருந்து ரீவி வரப் போகும் சுவர் வரை அளந்து பாருங்கள். 32 இஞ்சிக்கு நாலேகால் அடி, 43 இஞ்சிக்கு ஆறு அடிக்குச் சற்றுக் குறைவு, 55 இஞ்சிக்கு ஏழரை அடி, 65 இஞ்சிக்கு ஒன்பது அடிக்குக் கிட்ட. இந்தத் தூரத்தில் திரை உங்கள் பார்வையில் 30 பாகை அளவு நிறையும். கொஞ்சம் கிட்ட இருந்தாலும் பரவாயில்லை, ரொம்பத் தள்ளி இருந்தால்தான் பெரிய ரீவி வாங்கிய பலன் இல்லாமல் போகிறது.

பத்தடி ஹோலில் சோபாவைச் சுவரோடு போட்டாலும், சாய்ந்திருக்கும் உங்கள் கண் அந்தச் சுவரில் இருந்து இரண்டரை அடி முன்னால் வந்துவிடும். மிச்சம் ஏழரை அடி. அதற்கு 43 அல்லது 55 போதும்.

இன்னொன்று. நம் வீடுகளில் ஓடாவி செய்து தந்த ஷோகேஸ் இருக்கும், நடுவில் பழைய 21 இஞ்சி ரீவிக்கென்று ஒரு குழி. புது ரீவி அதற்குள் போகாது. 43 இஞ்சி ரீவி ஏறக்குறைய 96 சென்ரிமீற்றர் அகலம், 55 இஞ்சி 123. மேசையில் வைப்பதென்றால் கால்களின் இடைவெளியையும் கடையிலேயே அளந்து கொள்ளுங்கள். இப்போது வருபவற்றில் கால் இரண்டும் இரண்டு ஓரத்திலும் இருப்பதால், சின்ன மேசையில் ஒரு கால் அந்தரத்தில் தொங்கும்.

எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும்?

உயரத்தில் மாட்டுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. சாமிப்படம் மாட்டும் உயரத்திலும், கதவு நிலைக்கு மேலேயும் மாட்டச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் கை படாது என்பது காரணம். ஆனால் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக் கொள்ளும். திரையின் நடுப்பகுதி உங்கள் கண்ணுக்கு நேரே வர வேண்டும். கதிரையில் இருப்பவருக்கு அது நிலத்தில் இருந்து மூன்றரை அடி. பாயில் இருந்து பார்க்கிற வீடு என்றால் இரண்டரை அடியில் கண் வந்துவிடும். இரண்டு விதமாகவும் பார்க்கிற வீட்டில் நான் மூன்றடி, மூன்றேகால் அடியில் நடுவை வைத்து, கீழ்நோக்கிச் சரிக்கக்கூடிய தாங்கியைப் பூட்டுகிறேன்.

சீமெந்துக் கல் சுவர் தாங்குமா?

தாங்கும், ஆனால் சாந்துப் பூச்சு தாங்காது. பூச்சு அரை இஞ்சி முதல் முக்கால் இஞ்சி வரை இருக்கும். துளையும், ஆணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் ரோல் பிளக்கும் அதைத் தாண்டிக் கல்லுக்குள் போக வேண்டும். இரண்டு இஞ்சிக்குக் குறைந்த ஆணியில் நான் ரீவி மாட்டுவதில்லை. துளை போடும்போது சாம்பல் நிறத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்து, திடீரென்று துளைகருவி உள்ளே வழுக்கிப் போனால் அது உள்ளே வெற்றிடம் உள்ள கல். அந்த இடத்தை விட்டு அரை அடி தள்ளிப் போடுங்கள்.

தாங்கி வாங்கும்போது ரீவியின் முதுகில் உள்ள நாலு துளைகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். 200க்கு 200 மில்லிமீற்றர், 400க்கு 200 என்று இருக்கும், அதற்கு வெசா அளவு என்று பெயர். தாங்கியின் பெட்டியிலும் அந்த எண் இருக்க வேண்டும். சூரியன் சாயும் பக்கத்து வெளிச்சுவரைத் தவிருங்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில் அந்தச் சுவர் இரவு எட்டு மணிக்கும் சுடும். அந்தச் சூடு ரீவியின் முதுகுக்கு நல்லதல்ல.

ஸ்டெபிலைசர் கட்டாயம் வேண்டுமா?

வோல்டேஜைச் சீராக்கும் இந்தப் பெட்டியைக் கடையில் ரீவியோடு சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். முதலில் ரீவியின் பின்பக்க ஒட்டியைப் படியுங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் அந்த ரீவி குறைந்த வோல்டேஜைத் தானே சமாளிக்கும். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாலையில் 180க்கு இறங்கினாலும் படம் அசையாது. அதற்கு ஸ்டெபிலைசர் வீண் காசு. பிரிஜ்ஜுக்கு வேண்டும் என்பது வேறு கதை.

ரீவியைக் கொல்வது கூடிய வோல்டேஜ்தான். அது இரண்டு விதமாக வரும். கரண்ட் போய்த் திரும்பி வரும் கணத்தில் பாய்வது ஒன்று. இதற்கு, கரண்ட் வந்து சில நிமிடம் பொறுத்துத் திறக்கும் ரீவி கார்ட் போதும்.

மற்றது பயங்கரமானது, பலருக்குத் தெரியாதது. தெருவில் ஓடும் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர் அறுந்தால், கரண்ட் கொண்டு வரும் மூன்று பேஸ் வயர்களில் வெவ்வேறு ஒன்றில் இருந்து கரண்ட் எடுக்கும் வீடுகள் தம்மை அறியாமல் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். சில வீட்டுக்கு வோல்டேஜ் பாதியாகும், சில வீட்டுக்கு 300, 350 என்று ஏறி, 400 வரைக்கும் போகலாம். ஒரு மாரியில் என் மாமி வீட்டு ஒழுங்கையில் தென்னோலை விழுந்து இப்படித்தான் நடந்தது. பல்புகள் எல்லாம் வெள்ளையாகப் பளிச்சிட்டன, மின்விசிறி இரைந்தது. மாமி "கரண்ட் நல்லா வந்திருக்கு" என்று நினைத்துக் கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தில் ரீவியும் ரவுட்டரும் புகைந்துவிட்டன. ஒழுங்கையில் இன்னும் மூன்று வீட்டில் இதே கதை.

ஆகவே வெளிச்சம் வழக்கத்தை விடக் கூடினாலும், ஓர் அறை மங்கி மற்ற அறை பளிச்சிட்டாலும், யோசிக்காமல் மெயின் சுவிச்சை இறக்குங்கள். கையில் காசு இருந்தால், வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் வீட்டு இணைப்பையே துண்டிக்கும் ஒரு காப்புச் சாதனத்தை மெயின் பெட்டிக்குள் பூட்டச் சொல்லுங்கள். அது ரீவியை மட்டுமல்ல, முழு வீட்டையும் காக்கும். இதை நான் போகும் வீட்டில் எல்லாம் சொல்கிறேன், கேட்டுச் செய்தவர்கள் குறைவு என்பதுதான் என் கவலை.

இடி மின்னல் நேரத்தில் சுவிச்சை அணைத்தால் போதுமா?

போதாது. சுவிச்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர்தான். வானத்தில் இருந்து கிலோமீற்றர் கணக்கில் காற்றைத் துளைத்து வரும் மின்னலுக்கு அது தடையே அல்ல. பிளக்கையே கழற்றி விடுங்கள்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் ரீவி எரிந்தது என்று வருகிறார்கள். டிஷ் வயர் பூட்டியபடியே இருந்திருக்கும். கூரை மேல் நிற்கும் டிஷ்ஷில் இருந்து வயர் வழியாகச் செட் பெட்டிக்குள் வந்து, அங்கிருந்து படமும் ஒலியும் கொண்டு போகும் எச்டிஎம்ஐ வயர் வழியாக ரீவிக்குள் மின்னல் போகும். எச்டிஎம்ஐ வாயில்கள் மட்டும் செத்துப்போன ரீவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செம்பு வயரில் தொலைபேசி இணைப்பு உள்ள வீட்டில் ரவுட்டரும் அதே வழிதான். கண்ணாடி இழையில் வரும் ஃபைபர் இணைப்பு மின்னலைக் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் கரண்ட் பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், மாரி தொடங்கும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கூட. அந்த மாதங்களில் வேலைக்குப் போகும்போதே எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போகப் பழகுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு வயரைக் கையால் தொடாதீர்கள். ரீவி போனால் வாங்கலாம்.

கடற்கரை வீடு. டிஷ் இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கிறதே?

நாவலடி, மருதமுனை, நிந்தவூர், பொத்துவில் எங்கும் இதே பாடுதான். உப்பு முதலில் தாக்குவது தட்டை அல்ல, டிஷ்ஷின் மூக்கில் வயர் திருகும் இடத்தை. அங்கே பச்சைக் களிம்பு பிடித்தால் சிக்னல் குறையும், நீங்கள் தட்டை மாற்றிக் கொண்டிருப்பீர்கள். திருகும் முன் கொஞ்சம் சிலிக்கன் கிரீஸ் தடவி, மேலே தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். சாதாரணக் கரண்ட் டேப் ஒரு கச்சானுக்கே வெடித்துவிடும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. தட்டின் பின்பக்க நட்டுகளுக்கு வருடம் ஒரு தடவை, மாரிக்கு முன், கிரீஸ் பூசுங்கள்.

1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களுக்குக் காற்று என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டிஷ்ஷைத் தகரத்தில் பூட்டாதீர்கள். சுவரில் பூட்டுங்கள்.

மழை பெய்தால் படம் நின்று போகிறது. டிஷ் பழுதா?

பெரும்பாலும் இல்லை. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். அந்த அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். மழை குறைந்ததும் தானாக வந்தால் அது இயற்கை. சின்னத் தூறலுக்கே போனால் மட்டும் திசை கொஞ்சம் விலகியிருக்கிறது, அல்லது மேலே சொன்ன பச்சை பிடித்திருக்கிறது, அல்லது நட்ட காலத்தில் சின்னதாக இருந்த தென்னை இப்போது வளர்ந்து குறுக்கே நிற்கிறது. மழை நேரச் செய்தி முக்கியம் என்று நினைக்கிறவர்கள், எங்கள் கரையில் அப்படி நினைக்காதவர் யார், ஒரு பற்றரி வானொலியும் வைத்துக் கொள்ளுங்கள்.

பெட்டியில் டிவிபி-ரி2 என்று இருக்கிறது. அன்ரனாவில் டிஜிட்டல் வருமா?

இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானிய ஐஎஸ்டிபி-ரி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையை. டிவிபி-ரி2 என்பது ஐரோப்பிய முறை. இரண்டும் ஒன்றல்ல, ஆகவே அந்த எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 1982இல் ரூபவாஹினி தொடங்கிய காலத்தில் கமுக மரத்தில் கட்டிய அன்ரனாவில் பிடித்தோமே, அந்த அனலாக் அலையைப் பிடிக்கப் புது ரீவியிலும் வாயில் உண்டு.

மகன் கட்டாரில் இருந்து ரீவி அனுப்புகிறேன் என்கிறார். அண்ணன் கனடாவில் இருந்து. எடுக்கலாமா?

கட்டார், துபாய், சவுதி என்றால் பயமில்லை. கரண்ட் அளவு பொருந்தும், சவுதியின் 60 ஹேர்ட்ஸும் ரீவிக்குப் பிரச்சினை இல்லை. அங்கத்தைய சதுரக்கால் பிளக்கும் இங்கே இப்போது போடும் 13 அம்பியர் பிளக்கும் ஒன்றுதான். லண்டன் ரீவியில், அன்ரனாவில் படம் வந்து சத்தம் வராமல் போகலாம். அங்கே 2012 வரை இருந்த அனலாக் ஒலி முறை வேறு. டிஷ் பெட்டியோ யூரியூப்போ பார்ப்பவருக்கு அது பொருட்டே அல்ல.

கனடா ரீவியில்தான் கவனம். அங்கே 120 வோல்ட். பின்பக்க ஒட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 என்று இருந்தால் எடுக்கலாம், 120 மட்டும் என்று இருந்தால் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: கம்பனி உத்தரவாதம் பெரும்பாலும் அந்த நாட்டோடு முடிந்துவிடும். திரை வெடித்து வந்தால் புதுத் திரையின் விலை புது ரீவிக்குக் கிட்ட நிற்கும். பிள்ளை வெயிலில் உழைத்த காசு அது. அனுப்புவதானால் பெட்டியை நிமிர்த்தி வைத்து அனுப்பச் சொல்லுங்கள், படுக்க வைத்து அதன்மேல் பால்மா ரின்களை அடுக்க விடாதீர்கள். என் யோசனையைக் கேட்டால், காசாக அனுப்பி இங்கே வாங்குவது நல்லது.

4கே தேவையா?

4கே என்பது சாதாரண எச்டியை விட நுணுக்கமான படம். 43 இஞ்சிக்கு மேல் இப்போது கடைகளில் வருவது பெரும்பாலும் 4கே தான், ஆகவே தேடி அலைய வேண்டாம். 32 இஞ்சியில் தேவையில்லை. இணையத்தில் பார்க்கும்போதுதான் கணக்குப் பாருங்கள். நெட்பிளிக்ஸ் சாதாரண எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கே என்றால் 7 ஜிபி வரை. பிள்ளைகள் ஒரு நாள் இரண்டு படம் பார்த்தால் மாத டேட்டா பொதி முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். செயலியின் அமைப்பில் தரத்தை எச்டியில் நிறுத்தி வையுங்கள்.

பழைய ரீவியில் இணையம் பார்க்க அண்ட்ரொய்ட் பெட்டி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பெயர் தெரியாத மலிவுப் பெட்டி வேண்டாம். கூகுள் சான்று இல்லாத பெட்டியில் நெட்பிளிக்ஸ் மங்கலான 480 கோட்டுத் தரத்தில்தான் வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, சில பெட்டிகள் தொழிற்சாலையில் இருந்தே கேடு செய்யும் மென்பொருளோடு வருகின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. உங்கள் வீட்டு வைஃபையில்தான் வங்கிச் செயலியும் ஓடுகிறது.

கடையில் பளபளத்த படம் வீட்டில் எல்லார் முகத்தையும் சிவப்பாகக் காட்டுகிறது.

முதல் தடவை போடும்போது "வீடா, கடையா" என்று ரீவி கேட்டிருக்கும். கடை என்பதை யாரோ அழுத்தியிருப்பார்கள். அமைப்புக்குள் போய் வீடு என்று மாற்றுங்கள். அப்புறம் படத் தெரிவில் "விவிட்" என்பதை விட்டு "சினிமா" அல்லது "மூவி" என்பதை எடுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் அதுதான் சரி என்று கண் சொல்லும். பழைய படங்கள் நாடகம் போல வழுவழுப்பாக ஓடினால், அசைவை மென்மையாக்கும் தெரிவை அணையுங்கள்.

அம்மம்மாவுக்குப் பேச்சு விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டினாலும் பாட்டுத்தான் கூடுகிறது.

மெல்லிய ரீவியில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்னோக்கியோ இருக்கும், சத்தம் சுவரில் பட்டுக் கலங்கி வருகிறது. முதலில் காசில்லாத வழி: ஒலித் தெரிவில் "குரல் தெளிவு" என்ற பொருளில் ஒன்று இருக்கும், செய்தி கேட்பதற்கென்றே சில ரீவிகளில் தனித் தெரிவும் உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள்.

போதாவிட்டால் ஒரு சின்ன சவுண்ட்பார், அதாவது ரீவிக்குக் கீழே வைக்கும் நீட்டு ஒலிபெருக்கி. ரீவியில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ வாயிலில்தான் அதைப் பூட்ட வேண்டும், வேறு வாயிலில் பூட்டிவிட்டுச் சத்தம் வரவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் பாட்டுக் கேட்கும் பழைய பெரிய செற் சும்மா கிடக்கிறதா? ரீவியின் ஒப்டிக்கல் வாயிலில் இருந்து சிவப்பு, வெள்ளை வயருக்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, ரீவியின் ஒலி அமைப்பைப் பிசிஎம் என்று மாற்றிவிட்டால் அது எந்தச் சவுண்ட்பாரையும் விட நன்றாகப் பேசும். புளூடூத்தில் கொடுத்தால் உதடு முன்னும் குரல் பின்னுமாக வரலாம்.

விலை கூடிய எச்டிஎம்ஐ வயர் வாங்கினால் படம் நன்றாக இருக்குமா?

இல்லை. இரண்டு மீற்றருக்குள் சாதாரண வயரே போதும்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

43 இஞ்சி ரீவி ஏறக்குறைய 80 வாட் என்று வையுங்கள். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் மாதம் 12 யுனிட். 55 இஞ்சி 120 வாட் என்றால் 18. இது சின்னத் தொகை போலத் தெரியும், ஆனால் நம் பில் 30, 60, 90 யுனிட் என்று படிப்படியாக ஏறுவது. மாதம் 85 யுனிட்டில் நிற்கும் வீடு இந்தப் 12ஆல் அடுத்த படிக்குத் தாவும். பழைய பில்லை எடுத்து உங்கள் படி எது என்று பாருங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்தாலே இரண்டு மூன்று யுனிட் மிச்சம்.

பல்லி உள்ளே போகிறது, எறும்பு கூடு வைக்கிறது. என்ன செய்ய?

சூடு தேடித்தான் வருகின்றன. பின்பக்கக் காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைக்காதீர்கள், ரீவி வெந்துவிடும். மெல்லிய நைலோன் வலையைத் துளைகளின் மேல் தளர்வாக ஒட்டலாம். ரீவிக்கு நேர் மேலே ரியூப் லைட் வைக்காதீர்கள், பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். திரையிலோ பின்பக்கத்திலோ பூச்சி மருந்து அடிக்கவே வேண்டாம். மாரியில் வாரக்கணக்காகப் பூட்டியிருக்கும் வீட்டில் ஈரம் உள்ளே தங்கும், வந்து போகிறவர் யாராவது அரை மணி நேரம் ரீவியைப் போட்டுவிட்டுப் போகட்டும்.

கடையில் இருந்து எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் ஒவ்வொன்று போட்டு, புள்ளி, கோடு, ஓர வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும் தொடர் எண்ணும் விழுந்திருக்க வேண்டும். திரை உடைவதும் மின்னல் அடிப்பதும் உத்தரவாதத்தில் பெரும்பாலும் சேராது, அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தவணைக்கு எடுப்பவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல், எல்லா மாதத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

ஓட்டோவில் கொண்டு வருவதென்றால் பெட்டியை நிமிர்த்தி, திரைப் பக்கம் மெத்தையான இருக்கையில் சாயாமல், ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டு வர வேண்டும். 55 இஞ்சி ஓட்டோவுக்குள் வராது, சின்ன லொறி பிடியுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த ரெஜிபோமையும் ஒரு வருடத்துக்கு எறிய வேண்டாம். திருத்த அனுப்ப நேர்ந்தால் அதற்குள் வைத்துத்தான் பத்திரமாக அனுப்பலாம்.